கம்ப்ளீட்டான பாதி மனிதர்

உலகத்தில் எதுவுமே கம்ப்ளீட் கிடையாது. இதை நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. பத்தொன்பது வருட ஆராய்ச்சிக்குப் பிறகு, முழுப் பொறுப்பையும் தலையில் ஏற்றிக்கொண்டு சொல்கிறேன். அந்தச் சொல்லை யார் வாயில் எடுத்தாலும் அங்கே ஏதோ ஒன்று குறைகிறது என்று அர்த்தம். தையல்காரர் "கம்ப்ளீட் தம்பி" என்று சட்டையை நீட்டினால் காஜா எடுக்கவில்லை. எங்கள் வீட்டைக் கட்டிய மேஸ்திரி "வேலை கம்ப்ளீட்" என்று அறிவித்த அன்று மாடி இருந்தது, மாடிப்படி இல்லை. டாக்டர் "கம்ப்ளீட் ரெஸ்ட்" என்று எழுதிக்கொடுத்த என் சித்திக்கு, அந்த வாரம் முழுக்க இருக்கிற வேலையோடு, நலம் விசாரிக்க வந்தவர்களுக்கு டீ போடுகிற வேலையும் சேர்ந்துகொண்டது. அப்பா மட்டும்தான் அந்தச் சொல்லைச் சரியான இடத்தில் பயன்படுத்துகிறவர். என்னைப் பற்றிப் பேசும்போது பயன்படுத்துவார். கூடவே இன்னொரு ஆங்கிலச் சொல்லும் வரும். அது இங்கே வேண்டாம்.

மருத்துவக் கல்லூரியில் சேர்ந்த முதல் வாரமே என் கொள்கைக்கு எழுத்துபூர்வமான ஆதாரம் கிடைத்தது. முதலாண்டில் இரண்டு பேருக்கு ஒரு எலும்புப் பெட்டி கொடுப்பார்கள். உள்ளே நிஜ எலும்பு. மண்டையோடு, முதுகெலும்பு, நெஞ்செலும்பு; மற்றபடி இடது பக்கம் மட்டும். ஒரு கை, ஒரு கால், ஒரு பக்கத்து விலா. வலது பக்கம் எங்கே போனது என்று யாருக்கும் தெரியாது. பெட்டியின் மூடியில் அழகான கையெழுத்தில் ஒரு சீட்டு: "அரை செட். கம்ப்ளீட்."

நான் சிரித்த சிரிப்பில் ஸ்டோர் சார் எழுந்து வெளியே வந்துவிட்டார். எலும்புக் கிடங்குக்கு அவர்தான் எல்லாம். முதலாண்டுப் பிள்ளைகளை "டாக்டரே" என்றுதான் கூப்பிடுவார். அதில் மரியாதை எத்தனை சதவீதம் என்று அளக்க இன்னும் கருவி வரவில்லை. "என்ன டாக்டரே சிரிப்பு?" என்றார். பாதி ஆள் எப்படி சார் கம்ப்ளீட் என்று கேட்டேன். "நூத்தஞ்சு இருக்கு. நூத்தஞ்சு திரும்ப வரணும். அவ்வளவுதான் கம்ப்ளீட்," என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

பெட்டிக்குள் இருந்தவருக்குப் பாதி சார் என்று பெயர் வைத்தேன். பதினோராம் நம்பர் பெட்டி.

என் கூட்டாளிக்கும் நான்தான் பெயர் வைத்தேன்: சென்சஸ். அவளுடைய நிஜப் பெயரை வகுப்பே மறந்துபோகும் அளவுக்கு அது ஒட்டிக்கொண்டது. பெட்டியைத் திறந்தால் ஒரு பழைய போர்வையை விரிப்பாள். பாதி சாரைத் தலையிலிருந்து கால்வரை அடுக்குவாள். ஆள்காட்டி விரலால் ஒவ்வொன்றையும் தொட்டுத் தொட்டு, உதடு அசைய, நூற்றைந்து வரை எண்ணுவாள். அப்புறம்தான் புத்தகம். படித்து முடித்தால் மறுபடி ஒரு தடவை. பதினொரு மாதம், ஒரு நாள் தவறியதில்லை. "யாராவது ஓடிப் போயிட்டாங்களா?" என்று நான் நடுவில் கேட்டால் நிமிரக்கூட மாட்டாள். கல்லூரிச் சுவரேட்டில் அவளைப் பற்றி ஒரு செய்தி எழுதி ஒட்டினேன்: பூட்டிய பெட்டிக்குள் விலா எலும்புகள் குட்டி போட்டுவிடுமோ என்ற அச்சத்தில் மாணவி ஒருவர் தினம் இருமுறை கணக்கெடுப்பு நடத்துவதாக. வகுப்பே சிரித்தது. அவள் வந்து நின்று முழுக்கப் படித்தாள். பேனாவை எடுத்து ஒரு எழுத்துப்பிழையைத் திருத்தினாள். போய்விட்டாள்.

பெட்டி வாங்கின அன்று நான் தாமதமாகப் போனேன். அதனால் கையெழுத்து அவளுடையது. இது ஒரு முக்கியமான விஷயம் என்று அன்றைக்கு எனக்குத் தெரியாது.

திங்கட்கிழமை பரீட்சை. அதற்கு முந்தைய சனிக்கிழமை, பத்து மணியிலிருந்து மூன்று மணிக்குள் எல்லாப் பெட்டியும் திரும்ப வர வேண்டும். ஸ்டோர் சார் எண்ணிப் பார்த்து "கம்ப்ளீட்" என்று முத்திரை குத்தினால்தான் ஹால் டிக்கெட். ஒன்று குறைந்தாலும் விசாரணைக் குழு, விளக்கக் கடிதம், அடுத்த பரீட்சை ஆறு மாதம் கழித்து. எனக்கு ஆறு மாதம் என்பது ஆறு மாதம்தான். சென்சஸ் படிப்பது ஓர் அறக்கட்டளையின் உதவியில். ஒரு பரீட்சையைத் தவறவிட்டாலும் உதவி நின்றுவிடும் என்பது அவர்கள் போட்ட முதல் நிபந்தனை. உதவி நின்றால் அவள் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். இதை அவள் ஒரே ஒரு தடவை, ஏதோ பஸ் நேரம் சொல்வதைப் போலச் சொல்லியிருந்தாள்.

கடைசி வாரம் பெட்டி என் அறையில் இருந்தது, கணக்கெடுப்புக்கு விடுமுறை. சனிக்கிழமை ஒன்பதரைக்குக் கொண்டுபோய் அவளிடம் கொடுத்தேன். கிடங்குக்கு வெளியே நீளமான தாழ்வாரம், சுவரோரம் பெஞ்சுகள், ஒவ்வொரு பெஞ்சிலும் பெட்டியோடு இரண்டு பேர். எங்கள் டோக்கன் பதினெட்டு. சென்சஸ் பெஞ்சில் போர்வையை விரித்தாள். நான் பக்கத்து ஆட்களிடம் என் கொள்கையை விளக்கிக்கொண்டிருந்தேன்.

"நூத்தி நாலு," என்றாள்.

மறுபடி எண்ணினாள். மூன்றாவது தடவை எண்ணும்போது விரல் மணிக்கட்டில் நின்றது. மணிக்கட்டில் எட்டுச் சின்ன எலும்புகள் இருக்க வேண்டும். ஏழு இருந்தன. இல்லாதது பட்டாணி எலும்பு. பெயருக்கு ஏற்ற அளவுதான். இரண்டு விரலால் கிள்ளி எடுக்கலாம்.

எனக்கு அந்த நொடியே தெரிந்துவிட்டது. பரீட்சையில் ஒரு துணிப்பைக்குள் கையை விடச் சொல்வார்கள். பார்க்காமல், தொட்டே, என்ன எலும்பு என்று சொல்ல வேண்டும். அதற்காக எல்லோருமே சின்ன எலும்புகளைப் பையில் போட்டு உருட்டிப் பழகுவோம். செவ்வாய்க்கிழமை வகுப்பில் எனக்குத் தூக்கம் வந்தது. பட்டாணி எலும்பை உருட்டினால் தூக்கம் போகும் என்று சட்டைப்பையில் போட்டிருந்தேன். தூக்கமும் போகவில்லை, எலும்பும் பெட்டிக்குத் திரும்பவில்லை. புதன்கிழமை சட்டை சலவைக்குப் போனது.

"ரூம்ல இருக்கும். எடுத்துட்டு வந்துடறேன்," என்றேன்.

அவள் என் முகத்தைப் பார்த்தாள்.

சலவைக் கடை இரண்டு தெரு தள்ளி. ஓடினேன். கடைக்காரர் இஸ்திரிப் பெட்டியை நிறுத்தாமலே என் கதையைக் கேட்டார். சட்டைப்பையில் கிடைப்பதையெல்லாம் ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டுவைப்பாராம். டப்பாவை மேஜைமேல் கவிழ்த்தார். பொத்தான்கள், சில்லறை, பேனா மூடிகள், ஒரு கம்மல், யாருடையதோ ஒரு பஸ் பாஸ். நான் ஒவ்வொரு பொத்தானையும் புரட்டினேன்.

"வெள்ளையா, பட்டாணி சைஸ்லயா? புதன்கிழமை ஒண்ணு வந்துச்சு தம்பி. கல்லுன்னு நெனச்சேன்."

எங்கே என்று கேட்டேன். அவர் வாசலைக் காட்டினார். வாசலில் சாக்கடை மூடியின் கம்பி இடைவெளி ஒவ்வொன்றிலும் இரண்டு பட்டாணி எலும்பு போகும். மண்டியிட்டுக் கைப்பேசி வெளிச்சத்தை அடித்துப் பார்த்தேன். கறுப்புத் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. "என்ன எலும்பு தம்பி அது, கோழியா?" என்று அவர் மேலிருந்து கேட்டார். இல்லை அண்ணே, ஒரு பெரியவருடையது என்றேன். இஸ்திரிப் பெட்டி முதல் தடவையாக நின்றது.

தெருமுனைவரை ஒவ்வொரு மூடியாகக் குனிந்து தேடிவிட்டுத் திரும்பி வரும்போது மணி பன்னிரண்டே முக்கால். கவுண்டரில் பதினாறாம் டோக்கன் ஓடிக்கொண்டிருந்தது.

தாழ்வாரத்தின் இந்தக் கோடியில் பெரியப்பா உட்கார்ந்திருந்தார். அவரும் முதலாண்டுதான். நாலாவது தடவையாக முதலாண்டு, அதனால் பெட்டியும் அவர் ஒருவர் பெயரில். கல்யாணம் ஆகி ஒரு பெண் குழந்தை இருக்கிறது. அதனால் அந்தப் பெயர். கோபித்துக்கொள்ள மாட்டார். எங்களை "மவனே" என்று கூப்பிட்டு ஈடுகட்டிக்கொள்வார். நாலு தடவைக்கு மேல் எழுத விடமாட்டார்கள் என்பதை மட்டும் யாரும் அவர் எதிரில் பேசுவதில்லை.

"மவனே, பெட்டியக் கொஞ்சம் பாத்துக்க. ஒரு டீ குடிச்சிட்டு ஓடியாந்துடறேன்," என்று எழுந்து போனார்.

பார்த்துக்கொண்டேன். மூடி சரியாகச் சாத்தவில்லை. மணிக்கட்டு எலும்புகளை ஒரு சின்னக் காகிதப் பொட்டலத்தில் கட்டி மேலாகவே வைத்திருந்தார். கை போய் வர எவ்வளவு நேரம் ஆகியிருக்கும் என்கிறீர்கள்? பதினொரு மாதம் பையில் கைவிட்டுப் பழகிய பயிற்சி வீண்போகவில்லை. பார்க்காமலே சரியான எலும்பை எடுத்தேன். அந்தக் கேள்விக்கு மட்டும் அன்று எனக்கு முழு மதிப்பெண்.

அப்போது நான் என்ன நினைத்தேன் என்று கேட்டால், ஒரு தத்துவத்தை நினைத்தேன். எல்லாப் பெட்டியும் வருடா வருடம் இப்படித்தான் கம்ப்ளீட் ஆகியிருக்கும். ஒருவர் பெட்டியில் குறைவதை அடுத்தவர் பெட்டியிலிருந்து நிரப்பி, அவர் அதற்கடுத்தவரிடம் எடுத்து, கடைசியில் மாட்டுகிறவன் மாட்டுவான். ஸ்டோர் சார் எண்ணத்தானே போகிறார். தத்துவம் நன்றாகவே இருந்தது. எலும்பை மட்டும் சட்டைப்பையில் போடாமல் கையிலேயே பிடித்துக்கொண்டு பெஞ்சுக்கு நடந்தேன்.

"கிடைச்சிருச்சு," என்று சென்சஸிடம் நீட்டினேன்.

அவள் வாங்கினாள். முகத்தில் ஒரு நிம்மதி வந்தது. வந்ததை நான் பார்த்தேன். போர்வையில் மணிக்கட்டு வரிசையில் அது இருக்க வேண்டிய இடத்தில் வைத்தாள். அப்புறம் என்ன தோன்றியதோ, பக்கத்து முக்கோண எலும்பைக் கையில் எடுத்து, அதன் வழவழப்பான குழியில் பட்டாணி எலும்பைப் பொருத்தினாள். பொருந்தவில்லை. ஆடியது. திருப்பி வைத்தாள். அப்போதும் ஆடியது.

நிம்மதி வந்த வழியே போனது.

"இது யாரோடது?"

நம்முடையதுதான் என்றேன். சலவையில் கொஞ்சம் தேய்ந்திருக்கும் என்றேன். அவள் எலும்பைக் கைக்குள் மூடிக்கொண்டாள். அப்போது கவுண்டரில் பதினேழாம் டோக்கனைக் கூப்பிட்டார்கள். டீ குடித்துவிட்டு வந்த பெரியப்பா, பெட்டியைத் தூக்கிக்கொண்டு, போகிற போக்கில் என் தோளில் தட்டிவிட்டுக் கவுண்டருக்குப் போனார். சென்சஸ் அவர் முதுகைப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள்.

ஸ்டோர் சாருக்கு ஓர் ஒழுங்கு உண்டு. பச்சைத் துணி விரித்த மேஜையில் தலையிலிருந்து தொடங்குவார். சத்தமாக எண்ணுவார். மண்டையோடு ஒன்று. தாடை இரண்டு. தொண்டை எலும்பு மூன்று. அப்புறம் முதுகெலும்பு, நெஞ்சு, விலா, தோள், கை. மணிக்கட்டு நாற்பத்தெட்டில் தொடங்கும். இது பதினொரு மாதம் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்ததில் எனக்கே மனப்பாடம்.

"பதினஞ்சு. பதினாறு," என்றது கவுண்டர்.

நான் கையை நீட்டினேன். "கொடு. திருப்பி வெச்சிடறேன்."

அவள் கை திறக்கவில்லை.

"கொடுத்தா, நான்?" என்றாள்.

குரலில் கோபமே இல்லை. சந்தேகம் கேட்பதுபோலத்தான் கேட்டாள்.

"இருபத்திநாலு."

"தொலைச்சது நான்னு எழுதிக் குடுக்கறேன்," என்றேன்.

"பெட்டி என் பேர்ல இருக்கு."

"தெரியும்."

"நீ எழுதிக் குடுத்தா அவர் ஒத்துக்குவாரா?"

"தெரியாது."

பதினொரு மாதத்தில் அவளிடம் நான் சொன்ன முதல் நேரான பதில் அதுவாகத்தான் இருக்க வேண்டும். முப்பது. முப்பத்தொன்று. கவுண்டரில் விலா எலும்பு தொடங்கிவிட்டது. அவள் மூடிய கையை மடியில் வைத்து அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் கைக்குள் இருந்தது, வெளியே இருந்து பார்க்கும் யாருக்கும் கம்ப்ளீட்டாக நூற்றைந்தாவது எலும்பு. பேசாமல் இருந்தால் போதும். நான் பேசப் போவதில்லை, பெரியப்பாவுக்குத் தெரியாது, ஸ்டோர் சார் எதையும் எதோடும் பொருத்திப் பார்ப்பதில்லை. முப்பத்தாறு. அவள் உதடு அசைந்துகொண்டிருந்தது. அவளும் எண்ணிக்கொண்டிருந்தாள்.

நாற்பதில் கை திறந்தது.

எடுத்துக்கொண்டு ஓடினேன். வரிசையில் நின்றவர்கள் "டேய், டோக்கன்படி வாடா" என்று முழங்கையால் இடித்தார்கள். "தோள்பட்டை நாப்பத்திநாலு" என்பது காதில் விழுந்தது. வழியில் ஒரு பொய்யைத் தயார் செய்துகொண்டேதான் போனேன்: கீழே கிடந்தது பெரியப்பா, உங்க பெட்டியிலேர்ந்து விழுந்திருக்கும். நல்ல பொய். யாருக்கும் சேதம் இல்லாத பொய். கவுண்டரில் பெரியப்பா கைகளைக் கட்டிக்கொண்டு, கோயிலில் நிற்பதுபோல நின்றிருந்தார். பச்சைத் துணியில் எலும்பை வைத்தேன்.

"இது இவர் பெட்டியோடது சார். நான் எடுத்தேன்."

பொய் எங்கே போனது என்று எனக்கே தெரியவில்லை.

ஸ்டோர் சாரின் விரல் அந்தரத்தில் நின்றது. என்னைப் பார்த்தார், எலும்பைப் பார்த்தார், பெரியப்பாவைப் பார்த்தார். பிறகு அவர் முகத்தில் நிஜமான கவலை ஒன்று படர்ந்தது.

"எத்தனையில விட்டேன்?"

"நாப்பத்தியேழு சார்," என்று பெஞ்சிலிருந்து சென்சஸ் குரல் வந்தது.

அவர் நம்பவில்லை. "மண்டையோடு ஒன்று," என்று மறுபடி தொடங்கினார். வரிசையில் இருந்த முப்பது பேரும் என் பரம்பரையைப் பற்றித் தாழ்ந்த குரலில் விசாரித்தார்கள்.

நூற்றைந்து வந்தது. "கம்ப்ளீட்" என்று முத்திரை விழுந்தது. பெரியப்பா ஹால் டிக்கெட்டை வாங்கி, நாலாக மடித்து, பைக்குள் வைத்து, வெளியே எடுத்து, பெயர் சரியா என்று பார்த்து, மறுபடி வைத்தார். அப்புறம்தான் என் பக்கம் திரும்பினார். அடிப்பார் என்று எதிர்பார்த்தேன். அடித்திருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன்.

"பாத்துக்கன்னுதானடா சொன்னேன்," என்றார். மவனே என்று சேர்க்கவில்லை.

பதினெட்டாம் டோக்கன். சென்சஸ் பெட்டியை வைத்தாள். வைக்கும்போதே, "நூத்தி நாலுதான் சார் இருக்கு," என்றாள். ஸ்டோர் சார் எண்ணிப் பார்த்தார். நூற்று நாலு. மேஜை டிராயரைத் திறந்து இரண்டு ஹால் டிக்கெட்டுகளையும் எடுத்துப் பக்கத்துப் பக்கத்தில் வைத்தார். பெட்டி யார் பெயரில் இருக்கிறதோ அவருடையதை நிறுத்துவதுதான் வழக்கம் என்றார். வழக்கமா, சட்டமா என்று கேட்டேன். நான் பேசின பேச்சுக்கு அன்று அந்த ஒரு கேள்விதான் உருப்படியானது. அவர் அலமாரிக்குப் போய், தூசியைத் தட்டி, ஒரு படிவத்தை எடுத்துவந்தார். பெட்டி வாங்கியவர் பெயர் என்று ஒரு வரி. தொலைத்தவர் பெயர் என்று இன்னொரு வரி.

"ஒரு டிக்கெட்டை நான் நிறுத்தியாகணும். எதுன்னு இந்தத் தாள் சொல்லட்டும்," என்றார்.

எழுதினேன். தொலைத்தவர்: நான். தேதி: செவ்வாய். தொலைந்த விதம் என்ற இடத்தில் சட்டைப்பை, சலவை, சாக்கடை என்று வரிசையாக எழுதினேன். பெரியப்பா பெட்டியில் கைவைத்ததையும் எழுத வேண்டுமா என்று கேட்டேன். அவர் படிவத்தை முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்தார்.

"அதுக்கு இதுல இடம் இல்ல டாக்டரே."

சென்சஸின் ஹால் டிக்கெட் அவள் பக்கம் நகர்ந்தது. என்னுடையது டிராயருக்குள் போனது. டிராயர் மூடும் சத்தம் அவ்வளவு பெரிதாகக் கேட்க வேண்டிய அவசியம் இல்லை. அவள் டிக்கெட்டை எடுத்துக்கொண்டாள். போர்வையை மடித்தாள். நன்றி சொல்வாள் என்று நான் எதிர்பார்க்கவில்லை, சொல்லவும் இல்லை. நியாயமாகப் பார்த்தால் நான் அவளுக்குச் செய்த ஒரே உதவி, நானே வெட்டின குழியில் அவளுக்குப் பதிலாக நானே விழுந்ததுதான். படியிறங்கும்போது மட்டும் நின்று, துணிப்பைக் கேள்விக்கு இடது வலது எப்படிக் கண்டுபிடிப்பது என்று ஒரு எலும்பைப் பற்றிக் கேட்டாள். சொன்னேன். தலையாட்டிவிட்டுப் போனாள்.

அப்பாவிடம் அன்று மாலையே தொலைபேசியில் சொன்னேன். அவர் அந்த இரண்டு ஆங்கிலச் சொற்களையும் சொல்லவில்லை. "சரி, சாப்டியா?" என்றார். அது இன்னும் மோசமாக இருந்தது.

திங்கட்கிழமை பத்து மணிக்கு எல்லோரும் பரீட்சை எழுதிக்கொண்டிருந்தார்கள். ஆறு மாதத்துக்குப் படிக்க எனக்கு ஒரு பெட்டி வேண்டும் என்று கிடங்குக்குப் போனேன். ஸ்டோர் சார் அலமாரியிலிருந்து கைக்கு வந்த ஒரு பெட்டியை எடுத்து வைத்தார். நோட்டைத் திருப்பிக் காட்டி, கையெழுத்துப் போடச் சொன்னார். இந்த முறை என் ஒருவன் பெயரில்.

"கொஞ்சம் இருங்க சார்," என்றேன்.

பெட்டியை வெளியே தூக்கி வந்தேன். தாழ்வாரத்தில் யாரும் இல்லை. பெஞ்சில் நேற்றைய செய்தித்தாள் ஒன்று கிடந்தது. அதைத் தரையில் விரித்தேன். மண்டையோட்டை மேலே வைத்தேன். தாடை. தொண்டை எலும்பு. முதுகெலும்புகளை வரிசை பார்த்து அடுக்கப் பத்து நிமிடம் பிடித்தது. விலா, தோள், கை. மணிக்கட்டுக்கு வந்ததும் பட்டாணி எலும்பைப் பக்கத்து எலும்பின் குழியில் வைத்துப் பார்த்தேன். எடுத்து, துடைத்து, மறுபடி வைத்துப் பார்த்தேன். கால்வரை அடுக்கி முடித்தபின் ஆள்காட்டி விரலால் தலையிலிருந்து தொடங்கினேன்.

இரண்டாமாண்டுப் பையன்கள் நாலு பேர் படியேறி வந்தார்கள். ஒருவன் நின்றான்.

"என்னடா, யாராவது ஓடிப் போயிட்டாங்களா?"

மற்ற மூன்று பேரும் சிரித்தார்கள். சுவரேடு அவர்களும் படித்திருந்தார்கள்போல. விரல் நாற்பத்தொன்றில் இருந்தது. நான் நிமிரவில்லை.